ஸ்வெட்டர் கைக்குள் ஒரு பிட், மேஜைமேல் 41 அசைன்மென்ட்

கட்டபெட்டு வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.40

நீலகிரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர் நான். ஒரு வாரமாக மனசை அரிக்கிற விஷயம் ஒன்று. ஸ்டாஃப் ரூமில் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் குன்னூர் வரை போய்விடும். அதனால் இங்கே.

போன வாரம் செமஸ்டர். வணிகச் சட்டம் பேப்பர், பிற்பகல். ரெண்டு மணிக்கே மூட்டம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊர்த் தேர்வறையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும்: இங்கே எல்லோரும் ஸ்வெட்டர், மப்ளர், குல்லா. கீழே சமவெளியில் ‘கையை மடிச்சு விடு’ என்று சொல்லிவிடலாம். இங்கே பேனாவையே உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினால்தான் எழுதும். அந்தக் குளிரில் எந்தப் பிள்ளையை ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்வது?

கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெண். வலது கை எழுதுகிறது, இடது கை ஸ்வெட்டருக்குள்ளேயே இருக்கிறது. குளிருக்குத்தான் என்று இரண்டு சுற்று நானும் நம்பினேன். மூன்றாவது சுற்றில் பக்கத்தில் போய் நின்றேன். அவளே மெதுவாகக் கையை வெளியே எடுத்து, தீப்பெட்டி அளவுக்கு மடித்த காகிதத்தை என் கையில் வைத்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. காகிதத்தை என் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மீதி இருபது நிமிஷமும் அவள் எழுதினாள். ரிப்போர்ட் பண்ணவில்லை.

அன்று ராத்திரி இன்டர்னல் அசைன்மென்ட் கட்டைப் பிரித்தேன். தலைப்பு ‘நீலகிரித் தேயிலைத் தொழிலின் சிக்கல்கள்’. மொத்தம் 58. அதில் 41 ஒரே வாக்கியத்தில் ஆரம்பிக்கிறது: ‘தண்ணீருக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் அருந்தப்படும் பானம் தேநீர்.’ 41 பேருக்கும் பத்துக்கு எட்டு போட்டேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

படுத்த பிறகுதான் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணை விட்டது தப்பு என்றால் இந்த 41 பேரை விட்டதுக்கு என்ன பெயர்?


நேர்வழி | ஞாயிறு, இரவு 10.05

விட்டது தப்புதான் சார். பக்கத்து டெஸ்க்கில் ராத்திரி கண்விழிச்சுப் படிச்சுட்டு வந்தவன் என்ன பாவம் பண்ணினான்?


சும்மா வந்தவன் | ஞாயிறு, இரவு 10.11

எந்தக் காலேஜ்? மெயின் ரோட்டு மேல இருக்கே, அதுவா?


நெறியாளர் | ஞாயிறு, இரவு 10.20

காலேஜ் பெயரைத் தோண்டவேண்டாம். தோண்டினால் இழையைப் பூட்டிவிடுவேன்.


பழைய தேர்வுப்பிரிவு | திங்கள், காலை 6.15

தம்பி, முப்பது வருடம் தேர்வு வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். முறை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிட் பிடிபட்டால் அதை வாங்கி, மாணவர் கையெழுத்தை அதிலேயே போட்டுக்கொள்ளவேண்டும். நடந்ததை அவர் கைப்பட எழுதி வாங்கவேண்டும். விடைத்தாளோடு சேர்த்து முதன்மைக் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கே ஒரு குழு உட்காரும். அந்தத் துண்டுக் காகிதத்துக்கும் வினாத்தாளுக்கும் சம்பந்தம் உண்டா, அதிலிருந்து விடைத்தாளில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சம்பந்தம் இல்லாத காகிதத்துக்கு ஒரு தண்டனை, பார்த்து எழுதியதற்கு ஒன்று, ஆள்மாறாட்டத்துக்கு வேறு. அந்தப் பெண்ணின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற வேலை உங்களுடையது அல்ல. அதற்கு அந்தக் குழு இருக்கிறது. பிட்டைப் பறித்துக்கொண்டு எழுதவும் விட்டீர்களே, அது இரண்டும் கெட்டான்.

இன்னொன்று: அந்தக் காகிதம் இப்போது எங்கே இருக்கிறது?

பறக்கும் படை பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலையில் இருந்த நாளில் ஸ்குவாட் ஜீப் கோவையிலிருந்து கிளம்பும். மேட்டுப்பாளையத்தில் டீ குடிப்பார்கள். பர்லியாறு தாண்டுவதற்குள் மேலே எல்லா சென்டருக்கும் போன் வந்துவிடும். ஜீப் உள்ளே நுழையும்போது கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவெல்லாம் வெள்ளைப் பூ பூத்த மாதிரி இருக்கும். மழை பெய்தால் மையெல்லாம் ஓடிவிடும், தடயமும் கிடையாது.


மூணாம் வருஷம் | திங்கள், காலை 8.30

இப்போ இதுக்கெல்லாம் ஜெயில்னு சட்டம் வந்துடுச்சாமே? எங்க எச்.ஓ.டி. மிரட்டுறாரு.


பழைய தேர்வுப்பிரிவு | திங்கள், காலை 9.00

உங்கள் துறைத்தலைவர் பாதியைச் சொல்லியிருக்கிறார். 2024-இல் வந்த மத்தியச் சட்டம் அது, ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை, பத்து லட்சம் வரை அபராதம் என்பது சரி. ஆனால் அது யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகள், நீட் நடத்தும் முகமை என்று பட்டியலில் உள்ள தேர்வுகளுக்கு. குறி, வினாத்தாளை விற்கிற கும்பல். பி.காம். மூன்றாம் செமஸ்டரில் பிட் வைத்திருந்த பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கும்பல் என்றால் எப்படி வேலை செய்யும் என்பதை நம் மாநிலமே பார்த்திருக்கிறது. 2019-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் வரிசையாக முதல் இடங்களுக்கு வந்தார்கள். சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்திருந்தார்கள். விடைத்தாள் சென்னை போகிற வழியில் வேறு ஆட்கள் சரியான விடையைக் குறித்துவிட்டார்கள். 99 பேருக்கு ஆயுள் தடை. அதே 2019-இல்தான் தேனி மருத்துவக் கல்லூரி நீட் ஆள்மாறாட்டமும் வெளியே வந்தது. அதையெல்லாம் பார்த்த கண்ணுக்கு ஸ்வெட்டர் பிட் சின்னதாகத் தெரியும். ஆனாலும் பிட் பிட்தான்.


ஜெராக்ஸ் கடைக்காரன் | திங்கள், மதியம் 1.45

பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. யாரும் தேடி வரவேண்டாம்.

பிட் பிசினஸ் எப்பவோ படுத்துடுச்சுங்க. பத்து வருஷம் முன்னாடி பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் கடையில நிக்க இடம் இருக்காது. ஏ4 பக்கத்தைச் சுருக்கி, அதை மறுபடி சுருக்கி, ஒரு ஷீட்ல எட்டுப் பக்கம் வர்ற மாதிரி மைக்ரோ ஜெராக்ஸ். கத்தரிக்கோல் நாங்களே கொடுப்போம். இப்ப மாசத்துக்கு நாலு பேர் வந்தா அதிகம். எல்லாம் போன்ல.

இப்ப ஓடுறது பிராஜெக்ட். மூணாம் வருஷம், அறுபது பக்கம், ஸ்பைரல் பைண்டிங், முன்னாடி கைடு கையெழுத்துக்கு இடம் விட்ட பக்கம். என்கிட்ட பென்டிரைவ்ல எத்தனையோ கிடக்கு. கோயமுத்தூர் பிள்ளைங்க எப்பவோ செஞ்சது. ஊர்ப் பெயரை மட்டும் மாத்துவேன், ஒரு பட்டனைத் தட்டினா கோயமுத்தூர் எல்லாம் ஊட்டி ஆயிடும். ஒருதடவை அவசரத்துல நான் படிச்சுப் பார்க்கலை. அந்தப் பையன் பிராஜெக்ட்ல ‘ஊட்டி நகரம் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது’ன்னு வந்துடுச்சு. அடுத்த பக்கத்துல ஊட்டி மாநகராட்சிக்கு நூறு வார்டு. பீளமேட்டுல ஊட்டி ஏர்போர்ட். பையன் பைண்டிங் வாங்கிட்டுப் போன பிறகுதான் பார்த்தேன், வயித்தைக் கலக்கிடுச்சு. ஒண்ணும் ஆகலை. கைடு கையெழுத்துப் போட்டாரு, வைவாவுக்கு வெளியே இருந்து வந்தவரும் போட்டாரு. பையன் ஃபர்ஸ்ட் கிளாஸ், எனக்கு ஸ்வீட் பாக்ஸ் வேற.

நான் செய்யறது சரின்னு சொல்ல வரலை. ஆனா அந்த அறுபது பக்கத்தை முழுசாப் பார்த்த ஒரே ஆள் நான்தான், அதுவும் பிரிண்ட் போறப்போ.


நேர்வழி | திங்கள், மதியம் 2.10

வெட்கமே இல்லாமல் எழுதுறீங்களே அண்ணே.


ஜெராக்ஸ் கடைக்காரன் | திங்கள், மதியம் 2.12

கடை வாடகை நீங்க கட்டினா வெட்கப்படறேன் தம்பி.


மூணாம் வருஷம் | திங்கள், மாலை 5.40

ஸ்டாஃப் படிக்கறதே இல்லங்கறது உண்மை சார், கோவிச்சுக்காதீங்க. என் ஃபிரெண்டு சாட்ஜிபிடில எடுத்ததை அப்படியே கைல எழுதினான். ஆமா, கைல எழுதினாத்தான் வாங்குவாங்க, அதனால எங்களுக்கு விரல் வலிதான் மிச்சம். கடைசி வரில ‘இதைச் சுருக்கித் தரட்டுமா, அல்லது அட்டவணையாக மாற்றித் தரட்டுமா?’ன்னு இருக்கு. அதையும் சேர்த்து எழுதியிருக்கான் மடையன். அதுக்குப் பக்கத்துல சிவப்பு டிக்.


பந்தலூர்ப் பொண்ணு | திங்கள், இரவு 11.20

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மணி நேரம் யோசிச்சேன். நான் எஸ்டேட் லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல, பொறந்தவ. தாத்தா பாட்டி 1964 இந்தியா-சிலோன் ஒப்பந்தத்துல அங்கே இருந்து வந்தவங்க. எங்க வீட்டுல காலேஜ் போன முதல் ஆள் நான். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். காலேஜ்ல புத்தகம் இங்கிலீஷ், பரீட்சை இங்கிலீஷ். முதல் செமஸ்டர்ல எனக்கு வினாத்தாளே புரியலை. அதனால அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் பண்ணினேன், கமா உட்பட. அதை யாரும் காப்பின்னு சொல்லலை, நல்லாப் படிக்கிற பொண்ணுன்னுதான் சொன்னாங்க.

லாக்டவுன்ல வீட்டுல இருந்தே பரீட்சை. வினாத்தாள் போன்ல வரும், எழுதி, ஸ்கேன் பண்ணி ஏத்தணும், அப்புறம் தபால்ல அனுப்பணும். லயத்துல சிக்னல் இல்லை. தேயிலைக்கு நடுவுல ஒரு பாறை இருக்கு, அது மேல ஏறினா ரெண்டு கோடு வரும். அப்பா குடை பிடிச்சுக்கிட்டு நிப்பார், யானை வந்தா சத்தம் கொடுக்க இன்னொரு மாமா. வினாத்தாள் வந்த பத்து நிமிஷத்துல கிளாஸ் குரூப்ல எல்லா விடையும் வந்துடும். முதல் ரெண்டு பேப்பரை குரூப்பைத் திறக்காமலே எழுதினேன். மூணாவது நாள் மழை. சிக்னல் வந்து வந்து போச்சு, வினாத்தாள் இறங்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு. குரூப்பைத் திறந்துட்டேன்.

முதல் பேப்பர் 58. ரெண்டாவது 61. மூணாவது 84. அப்பா அந்த 84ஐத்தான் ஃபேக்டரி கங்காணி வரைக்கும் காட்டினார்.

இப்ப வேலைல இருக்கேன். 58ஐயும் 61ஐயும் இன்னைக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்லை.


நேர்வழி | செவ்வாய், காலை 7.30

சகோதரி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அதே லயத்திலிருந்து வந்து ஒரு வரி பார்க்காமல் எழுதி அரியர் வைத்தவர்களும் இருக்கிறார்கள். கஷ்டத்தைக் காரணமாகச் சொன்னால் அவர்களை ஏமாளி என்று சொல்வதாக ஆகிவிடும்.


பந்தலூர்ப் பொண்ணு | செவ்வாய், காலை 7.52

அண்ணா, முதல் ரெண்டு பேப்பர்ல அந்த ஏமாளி நான்தான்.


கொடைக்கானல் ஆய்வாளன் | செவ்வாய், காலை 11.00

பக்கத்து மலையிலிருந்து. பி.எச்டி. முடிக்கப் போகிறேன், அதனால் மேல்தளத்துக் கதையைச் சொல்கிறேன். யு.ஜி. பிள்ளைகளை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வேட்டுக்கு யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறை இருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காடு வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கவேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக்கூடக் கொடுக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. எண்ணாகச் சொல்லிவிட்டதால் என்ன ஆனது தெரியுமா? ‘களவு செய்யாதே’ என்பது ‘பத்துக்குள் கொண்டுவா’ என்று ஆகிவிட்டது. வாக்கியத்தைப் புரட்டிப்போட்டு எண்ணைக் குறைத்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், பக்கக் கணக்கில் காசு.

சொற்களை மாற்றித் தரும் மென்பொருள்கள் அடிக்கிற கூத்து தனி. 2021-இல் சில ஆராய்ச்சியாளர்கள் அச்சான கட்டுரைகளிலேயே இதைப் பிடித்தார்கள். ஆங்கிலத்தில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘போலிப் பிரக்ஞை’ என்கிற மாதிரிச் சொற்கள். ‘சித்திரவதைக்கு ஆளான சொற்றொடர்கள்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்டுரை எழுதியவர், ஆய்வு வழிகாட்டி, மதிப்பீட்டாளர், இதழாசிரியர் என்று இத்தனை பேர் கையைத் தாண்டி அது அச்சுக்குப் போயிருக்கிறது. கடைக்கார அண்ணனின் நொய்யல் ஆறு பரவாயில்லை.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு சுரங்கப்பாதை உண்டு. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் திரையில்தான் ‘அம்மா’. கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. யூனிகோடில் இருக்கிற மூலத்தோடு அதை ஒப்பிட்டால் எந்தக் கருவிக்கும் ஒன்றும் சிக்காது. ‘ஒப்புமை பூஜ்யம்’ என்று சான்றிதழ் வாங்கியவரை நானே பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்தாரா, டி.டி.பி. சென்டரில் அதுதான் பழக்கமா என்று கேட்காதீர்கள்.


மூணாம் வருஷம் | செவ்வாய், மதியம் 12.30

ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கே அண்ணா, அதைப் போட்டா?


கொடைக்கானல் ஆய்வாளன் | செவ்வாய், மதியம் 12.50

அதை நம்பி யாரையும் தூக்கில் போடாதீர்கள். சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட நிறுவனமே ஒரு கண்டறியும் கருவியையும் விட்டது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டை ‘இயந்திரம் எழுதியது’ என்றன அந்தக் கருவிகள். காரணம் எளிது: சொல்வளம் குறைவு, வாக்கியம் நேராக இருக்கிறது, அடுத்த சொல் என்ன என்று ஊகிக்க முடிகிறது. அதாவது பந்தலூர்த் தங்கச்சி அகராதியைப் பார்த்து, சொந்தமாக, பயந்து பயந்து எழுதிய ஆங்கிலம். அதைத்தான் முதலில் பிடிக்கும்.


பழைய தேர்வுப்பிரிவு | செவ்வாய், இரவு 8.00

எல்லாம் சரி. வாத்தியார் தம்பி இரண்டு நாளாகக் காணோம். என் கேள்விக்கும் பதில் இல்லை.


கட்டபெட்டு வாத்தியார் | புதன், இரவு 10.30

படித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் கோபம் வந்தது. மூன்று வகுப்பு, வகுப்புக்கு ஐம்பதுக்கு மேல், பேப்பருக்கு இரண்டு அசைன்மென்ட், ரெண்டு இன்டர்னல் டெஸ்ட். பதினொரு மாதத் தொகுப்பூதியம், பன்னிரண்டாவது மாதம் கடன். இதில் எங்கே வரி வரியாகப் படிப்பது என்று பெரிதாக ஒரு பதில் தட்டினேன். அப்புறம் அழித்துவிட்டேன். படிக்காத பேப்பருக்கு எட்டு போட்டவன் நான். அந்த 41 பேரும் என்னைச் சரியாகக் கணித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்.


கட்டபெட்டு வாத்தியார் | ஏழு வாரம் கழித்து, சனி, மாலை 6.15

இழை உயிரோடு இருக்கிறதா தெரியவில்லை. ஒன்று செய்து பார்த்தேன், அதைச் சொல்ல வந்தேன்.

அதே 58 பேர். இந்த முறை ‘சிக்கல்கள்’ கிடையாது. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஃபேக்டரிக்குக் கொழுந்து போட்ட ரசீது, ஆறு மாதத்துக்கு உரியது, கொண்டுவா. டீ போர்டு மாதாமாதம் நீலகிரிக்கு அறிவிக்கிற பச்சைத் தேயிலை விலையைப் பக்கத்தில் எழுது. பறிக்கிற கூலி, உரம், வண்டி வாடகை கழி. கையில் என்ன நின்றது என்று ஒரே ஒரு பக்கம். தமிழிலும் எழுதலாம். தோட்டம் இல்லாதவர்கள் காய்கறி மண்டி ரசீதோ, அப்பா ஓட்டுகிற ஜீப்பின் டீசல் கணக்கோ கொண்டுவரலாம்.

எல்லோரும் யோக்கியமாகிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். 12 பேர் கொடுக்கவே இல்லை. இரண்டு பேர் ஒரே ரசீதை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் திருத்தியிருந்தார்கள். கணக்கு எண்ணைத் திருத்த மறந்துவிட்டார்கள். ஒருவன் உரம் வாங்காமலே உரச் செலவு எழுதியிருந்தான்.

ஆனால் 58-ஐயும் அல்ல, வந்த 46-ஐயும் நான் முழுசாகப் படித்தேன். படிக்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் விஷயம். ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வருகிற ஒரு பையன், வகுப்பில் வாய் திறக்காதவன், ஒவ்வொரு ரசீதிலும் ஈரத்துக்காக எடை கழித்திருப்பதைத் தனி வரியாகப் போட்டிருந்தான். மழை மாதத்தில் கழித்தார்கள், சரி. உறைபனி அடித்து இலையெல்லாம் கருகிக் கிடந்த ஜனவரியிலும் அதே அளவு கழித்திருக்கிறார்கள். ‘பனியில் காய்ந்த இலையில் ஏது தண்ணீர்?’ என்று பென்சிலில் எழுதி, அப்புறம் பயந்து அழித்திருக்கிறான். அழித்தது தெரிகிறது. அந்தத் தாளுக்குப் பத்துக்குப் பத்து.

அந்தப் பெண்ணும் கொடுத்தாள். ஆறுமாத ரசீதும் ஒழுங்காகத் தேதிவாரியாகப் பின் பண்ணி. ஏழு போட்டேன், கூட்டலில் பிழை. வராந்தாவில் எதிரே வந்தால் இன்னமும் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறாள்.


பழைய தேர்வுப்பிரிவு | சனி, இரவு 7.00

நல்லது. அந்தக் காகிதம்?


கட்டபெட்டு வாத்தியார் | சனி, இரவு 7.25

ஸ்வெட்டரைத் துவைக்கப் போடும்போது கையில் வந்தது ஐயா. இந்த வாரம்தான் பிரித்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து இல்லை, மைக்ரோ ஜெராக்ஸ். லென்ஸ் வைத்துப் படித்தால், என் நோட்ஸ். வகுப்பில் நான் டிக்டேட் பண்ணியது, என் ‘ஆகவே மாணவர்களே’ உட்பட.

அதில் மூன்றாவது பத்தியில் ‘சரக்கு விற்பனைச் சட்டம், 1932’ என்று இருக்கிறது. 1932 கூட்டாண்மைச் சட்டம். சரக்கு விற்பனை 1930. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மறுநாள் வகுப்புக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சீனியரின் நோட்டிலிருந்து இறக்கியது. மூன்று வருஷமாக நின்று நிதானமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. திங்கட்கிழமை பி.பி.ஏ. வகுப்புக்கு அதே யூனிட் ஆரம்பம்.


ஜெராக்ஸ் கடைக்காரன் | சனி, இரவு 7.40

சார், பச்சை அட்டை போட்ட வணிகச் சட்டம் நோட்ஸா? அது என்கிட்ட இருக்கு. நல்லா ஓடுற அயிட்டம். நாளைக்கு நாப்பது செட் போடணும், 1930ன்னு மாத்திடவா?